கூச்சத்தின் கிதாருக்கு ரோஜா நிறச் சட்டம்

பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, அவரைப்போல வெட்கப்பட்ட மனிதர் பிறந்ததே இல்லை. பிறந்திருந்தாலும் வெளியே வந்திருக்க மாட்டார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஆபீசுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் கூச்சம். நேரில் கூப்பிட்டால் கூச்சம் அண்ணன். தனுஷ்கோடிவரை ரயில் ஓடிய காலம். ராமநாதபுரத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் மூன்று பேர்: நான், ரேடியோக் கடையில் வேலை பார்த்த பாம்பன் அந்தோணி, சர்வே ஆபீசில் படம் வரைந்த கூச்சம். அவர் பென்சிலால் போட்ட கோடு காகிதத்துக்கே தெரியாது. ஊர் எல்லையை மேலதிகாரி பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார்.

பஸ்ஸில் "இங்கன நிப்பாட்டுங்க" என்று சொல்ல வாய் வராது. பஸ் தானாக நிற்கும் இடம்வரை போய், வெயிலில் நடந்து திரும்புவார். கூட்டத்தில் யாராவது காலை மிதித்தால், மிதித்தவர் இறங்கும்வரை காலைத் திருப்பிக் கேட்க மாட்டார். மெஸ்ஸில் "போதும்" சொல்வதற்கும் கூச்சம். வைக்க வைக்கத் தின்றுகொண்டே இருப்பார். ஒருநாள் இட்லிக் கொப்பரை காலியாகி, சமையல்காரரே வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

இந்த மனிதரிடம் ஒரு மின்சாரக் கிதார் இருந்தது.

கொழும்பிலிருந்து கப்பலில் வந்த ஒரு வாத்தியக்காரர் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் அதை விற்றுவிட்டுப் போனார். சிவப்பு மரம், வெள்ளிக் கம்பி, பார்த்தாலே பாடும் போலிருக்கும். "ஏண்ணே, ஒங்க குணத்துக்குக் கரண்டு கிதாரா?" என்று அந்தோணி கேட்டான்.

"கரண்டு கொடுக்காட்டா யாருக்கும் கேக்காதுல்ல தம்பி" என்றார் கூச்சம்.

உண்மைதான். உள்ளே பொள்ளல் இல்லாத கட்டை மரம். ஒயர் சொருகாமல் வாசித்தால் கொசு நடப்பது போல ஒரு சத்தம். கூச்சம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கிதாரில் காதை வைத்து வாசிப்பார். முதுகு மட்டும் தாளத்துக்கு அசையும். அந்த முதுகைத்தான் நாங்கள் கேட்டோம்.

இப்படியே போயிருக்கும். சாயல்குடியில் பெண் பார்க்கப் போனதில்தான் விபரீதம் ஆரம்பமானது.

கூச்சத்துக்குத் தாய் தகப்பன் இல்லை. அதனால் நானும் அந்தோணியும்தான் மாப்பிள்ளை வீட்டார். பணியாரம் வந்தது. பெண் வள்ளிமயில் வந்து கும்பிட்டாள். "பாடு தாயி" என்றார் அவளுடைய அய்யா.

"பாட மாட்டேன் அய்யா."

பணியாரம் எங்கள் தொண்டையில் நின்றது.

"வந்தவுக வந்தவுகளுக்கெல்லாம் பாடியாச்சு. தின்னுட்டு, தாக்கல் சொல்லி அனுப்புறோம்னு போனாக. தெருவே சன்னல்ல நின்னு கேட்டுச்சு. அந்த வெக்கம் எனக்கு மட்டும் எதுக்கு? இந்த வட்டம் மாப்பிள்ள எதுனாச்சும் செய்யட்டும். செஞ்சாத்தான் வெத்தல மாத்தணும்."

அய்யா தலையைத் தொங்கப்போட்டார். கூச்சம் ஏற்கெனவே தொங்கப்போட்டுத்தான் இருந்தார். இரண்டு தலைகளுக்கும் நடுவில் அந்தோணி வாயைத் திறந்தான். "மாப்பிள்ள கிதார் வாசிப்பாருங்க. கரண்டுல பேசும்."

"அப்ப மைக்செட்டுக்காரனுக்குச் சொல்லிப்புடுவோம்" என்று அய்யா நிமிர்ந்தார். "என்ன மாப்பிள்ள?"

மாட்டேன் என்று சொல்லக் கூச்சம். சரியென்று தலையாட்டிவிட்டார்.

பஸ்ஸில் அவர் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "அந்தப் புள்ளைக்குப் பிடிச்சுப்போகணும் தம்பி." அதுவரை அவர் எதையும் வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

அறைக்கு வந்து கிதாரின் ஒயரை ரேடியோவின் பின்னால் சொருகினோம். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகினார்கள். அந்தோணி குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். கம்பியின் அதிர்வைப் பிடித்து ஒயருக்கு அனுப்பும் கறுப்புப் பெட்டிகள் இரண்டு, பிக்கப் என்பார்கள், மரத்தில் தோண்டிய குழியின் அடியில் நேராகத் திருகியிருந்தன. கம்பிக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு விரல் போகும். திருகாணியைத் தளர்த்தினால் பெட்டி உயரவில்லை, ஆடியது. அடியில் தீப்பெட்டியை வைத்தோம். ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தது.

"குழிக்கு மேல ரிங் போடணும்லே" என்றான் அந்தோணி. பெயர்தான் ரிங், பார்க்கப் படச் சட்டம் போல நாலு மூலை இருக்கும். சட்டத்தை மரத்தில் இறுக்கி, அதிலிருந்து ஸ்பிரிங்கும் நீளத் திருகாணியும் கொடுத்துப் பெட்டியைத் தொங்கவிட வேண்டும். திருகினால் ஏறும், எதிர்ப்பக்கம் திருகினால் இறங்கும்.

முதல் சட்டத்தைப் பிஸ்கட் டப்பாத் தகரத்தில் வெட்டினோம். பெட்டிக்குள் காந்தம் இருப்பதை ரேடியோக் கடைக்காரனே மறந்துவிட்டான். தகரம் பாய்ந்துபோய் ஒட்டிக்கொண்டது. பிரிக்க மூன்று பேரும் கயிறு இழுத்தோம். "காந்தத்துக்காவது கூச்சமில்ல" என்றான் அந்தோணி.

காந்தம் தீண்டாத பொருள் வேண்டும். என் புதுச் சோப்பு டப்பா பலியானது. ரோஜா நிறப் பிளாஸ்டிக். மூடியில் ஒன்று, அடியில் ஒன்று. ரம்பத்தால் அறுத்து, அரத்தால் ராவி, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் ஓட்டை போட்டோம். ஸ்பிரிங்குக்காகத் தெருவில் இருந்த டார்ச் லைட்டுகள் குடலை இழந்தன. மரத்தில் புது ஓட்டை போடும்போது கூச்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தனக்கே ஊசி போடுவது போல.

சட்டம் உட்கார்ந்தது. திருகினோம். கறுப்புப் பெட்டி குழியிலிருந்து மெல்ல எழுந்து கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ரேடியோ வழியாகக் கிதார் முதல்முறை வாய்விட்டுப் பேசியது. எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கூச்சம் உடனே திருப்புளியை எடுத்துப் பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்.

"எதுக்குண்ணே?"

"கேக்குது தம்பி."

நாங்கள் அவருக்குச் செய்து கொடுத்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உயரத் தூக்குவதற்குப் போட்ட சட்டம், ஒளிந்துகொள்ளவும் தோதாக இருந்தது.

நிச்சயதார்த்தம். பந்தலுக்கு வெளியே பனை உச்சியில் மைக்செட்டுக்காரர் குழாயைக் கட்டியிருந்தார். உப்பளம்வரை கேட்குமாம். திருகினால் பெட்டி ஏறும், இறங்கும் என்று ரோஜாச் சட்டத்தின் வித்தையை அந்தோணி பெண் வீட்டுச் சன்னலுக்குக் கேட்கும்படி அளந்துகொண்டிருந்தான். சுருதி சேர்க்கிறேன் என்று கூச்சம் வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய்விட்டு வந்தார். சமுக்காளத்தில் உட்கார்ந்தார். கம்பியை மீட்டினார்.

பனையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

மீண்டும் மீட்டினார். குழாய் வெறுமனே உறுமியது. மைக்செட்டுக்காரர் சத்தத்தைக் கூட்டக் கூட்ட உறுமல்தான் வளர்ந்தது. ஒரு கிடேரி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"ஏப்பா, மாப்பிள்ள வாசிக்காரா, தடவிப் பாக்காரா?" என்றார் ஒரு பெரியவர். பந்தல் சிரித்தது. அய்யா வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

நான் கிதாரைப் பார்த்தேன். ரோஜாச் சட்டங்கள் இருந்தன. பெட்டிகள் குழியின் அடியில், தேய்ந்த சோப்புக் கட்டி போலக் கிடந்தன. படப்பு மறைவில் நடந்தது சுருதி சேர்ப்பு இல்லை. எனக்குக் காது மடல் எரிந்தது. அப்படியே உப்பளத்தில் போய் விழுந்து கரைந்துவிடலாம் போலிருந்தது. அந்தோணி பந்தல் கீற்றை ஆராய்ந்துகொண்டிருந்தான். மாப்பிள்ளை வீட்டார் என்று நெஞ்சை நிமிர்த்தி வந்த இரண்டு பேரும் யாரோ வழிப்போக்கர்கள்போல ஆகிவிட்டோம்.

அப்போது கொலுசுச் சத்தம். பட்டுச் சேலையோடு வள்ளிமயில் வெளியே வந்தாள். மைக்செட்டுக்காரரிடம் கையை நீட்டினாள். "அந்தத் திருப்புளியக் குடுங்கண்ணே." வாங்கிக்கொண்டு சமுக்காளத்தில் கூச்சத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். அத்தனை பேர் பார்க்க.

"கம்பிகிட்ட வரணும், அதுதானே? குழிக்குள்ள கெடக்கு. எங்கிட்டுத் திருகணும்?"

கூச்சத்தின் நெற்றியிலிருந்து வியர்வை கிதாரில் சொட்டியது. "வலப்பக்கம்" என்றார். அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. அப்புறம், "மெதுவா."

அவள் திருகினாள். "எனக்கும் மொதல்ல பாடச் சொன்னப்பத் தொண்ட வரல" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "யாரும் வந்து திருகிவிடல."

பெட்டிகள் எழுந்தன. கூச்சம் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கம்பியைத் தொட்டார். பனை உச்சியிலிருந்து கிதார் பீறிட்டுக் கிளம்பியது. காற்றுக்கும் உப்புக்கும் மேலே, ஓடிய கிடேரிக்கும் மேலே, கடல்வரைக்கும். தப்பும் தவறுமாகத்தான் வாசித்தார். தாளம் ஓடிப்போய்த் திரும்பி வந்தது. ஆனால் திருப்புளி அவள் மடியில் இருந்ததால் அவருக்கு ஒளிய இடமில்லை. முடியும்வரை வாசித்தார். அவள் எழுந்து, "வெத்தலய மாத்துங்க அய்யா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிறகு எழுத்தாளன் என்று ஏறிய எத்தனையோ மேடைகளில் நானே தடுமாறி நின்றிருக்கிறேன். ஆனால் அந்தப் பந்தலில் அவருக்காக வெட்கப்பட்ட அளவுக்கு எனக்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. கூடப்பிறந்தவர்களுக்குள் அதற்கு வேறு பெயர் உண்டென்று பிற்பாடு தெரிந்தது. எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது.