தாண்டவராயனுக்கு நல்லாயிடுச்சு

மனிதராய்ப் பிறந்தவர் ஒருநாள் சாகலாம் என்பதில் 1991ஆம் ஆண்டு வரை அரசாங்கத்துக்கு ஆட்சேபணை ஏதும் இருந்ததில்லை. ஒரகடத்தில் நர்ஸ் லூர்தம்மாள் நாலு கட்டில் போட்டு, பிழைக்க வழியில்லாத நோயாளிகளுக்கென்று ஓர் இல்லம் திறந்த பிறகுதான் வந்தது வினை.

முதல் கட்டிலில் தாண்டவராயன். புற்றுநோய் எலும்பு வரைக்கும் போய்விட்டது. புரண்டு படுத்தால் அலறுவார். மார்பின் என்ற வலி மருந்து கொடுத்தால் அடங்கும். ஆனால் அது போதை மருந்தாயிற்றே, உத்தரவில்லாமல் ஒரு சொட்டு கிடைக்குமா? லூர்தம்மாள் ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததில், அதிகாரி புருஷோத்தமன் ஒருவழியாக ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இதுவரைக்கும் எத்தினி பேருக்கு குணமாச்சும்மா?"

"யாருக்கும் இல்ல சார். குணமாவாதவங்களுக்குத்தான் இந்த வூடே."

"அப்போ ரிசல்ட் சைபர். மேலிடத்துல கேட்டா இழுத்து மூடச் சொல்வாங்க."

"வலியில்லாம போறதுதான் சார் இங்க ரிசல்ட்."

"ஒருத்தராவது குணமாகட்டும். மருந்துக்கு நானாச்சு," என்றார் பெருந்தன்மையோடு.

தாண்டவராயன் கட்டிலிலிருந்தே கையைத் தூக்கினார். "சார், எனக்கு நல்லாயிடுச்சுன்னு எழுதிக்கினு போங்க. மருந்து வந்தா போதும்."

லூர்தம்மாளுக்குப் பொய் சொல்ல மனசில்லை. ஆனாலும் தலையாட்டிவிட்டாள். அந்த மனுஷன் படுகிற பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அப்புறம் கேட்க வேண்டுமா! சேதி வல்லக்கோட்டை வரைக்கும் பரவியது. தாண்டவராயன் மனைவி கனகத்துக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், நிஜமாகிவிடாதா என்ற நப்பாசையில் வல்லக்கோட்டைக்கே போய் முருகனுக்கு மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். சொந்தக்காரர்கள், "மூஞ்சில இன்னா களை பாரு!" என்றார்கள். பாராட்டு விழாவுக்கு ஷாமியானா போட்டு, தாண்டவராயனை நாற்காலியோடு தூக்கி மேடையேற்றி, ஆளுயர மாலையும் போட்டார்கள்.

புருஷோத்தமன் உத்தரவை வாசித்தார்: "இவ்வில்லத்தில் நோயாளிகள் பரிபூரண குணமடைவது கண்டு அரசு பெருமகிழ்ச்சி அடைகிறது. இல்லம் தொடர்ந்து நடைபெற அனுமதி அளிக்கப்படுகிறது. குணமடைந்தோருக்கு வலி இருக்க நியாயமில்லையாதலால், மார்பின் கோரிக்கை இத்துடன் முடித்து வைக்கப்படுகிறது."

மாலையின் கனம் தாங்காமல் தாண்டவராயன், "ஐயோ... அம்மா..." என்றார்.

"குணமானவரு ஏன் கத்துறாரு?" என்றார் புருஷோத்தமன்.

எல்லோரும் லூர்தம்மாளைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் இல்லம் போய்விடும். நாளைக்கு இவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக்கூட ஆளிருக்காது.

"வாய்வு சார்," என்றாள்.

"அவ்வளவுதானே!" புருஷோத்தமன் முகம் மலர்ந்தது. மேலிடத்தைக்கூடக் கேட்காமல், தம் சொந்த அதிகாரத்திலேயே, ஓமத் தண்ணீருக்கு அங்கேயே உத்தரவு போட்டார். ஷாமியானாவே அதிரும்படி எல்லோரும் கை தட்டினார்கள். லூர்தம்மாளும் தட்டினாள்.