போலீஸைக் கண்டால் மட்டும் பெல்ட்

ஒரு மனிதர் தாம் பெற்ற மகளைவிடத் தமது காரின் காப்பீட்டுச் சலுகையை அதிகமாக நேசிக்க முடியுமா? தொப்பூர் கணவாயில் நடந்த ஒரு சம்பவம் இக்கேள்வியை என்முன் நிறுத்தும்வரை, ‘முடியும்’ என்பதற்கு எங்கள் அலுவலகத்து போனஸ் அண்ணனே வாழும் சான்று என்று நம்பியிருந்தேன்.

பெயர்க்காரணம் எளிது. இழப்பீடு கோராமல் ஆண்டைக் கழிப்பவருக்கு மறு ஆண்டின் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. ‘நோ க்ளெய்ம் போனஸ்’ என்பார்கள். அதைக் கட்டிக் காப்பதே மானிடப் பிறவியின் பயன் என்று அவர் கருதினார். பாலக்கோட்டில் ஒரு பேருந்து அவரது காரின் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துச் சென்றபோது, அண்ணியின் முகம் பார்க்கும் கண்ணாடியை டேப் போட்டு அங்கே ஒட்டினார். பின்னால் வரும் லாரிகளை அண்ணியின் ஸ்டிக்கர் பொட்டுகளுக்கு நடுவேதான் பல மாதம் தரிசித்தோம்.

என் மகனைப் போலவே இரண்டு வயதான மகள் இருக்கும் அவர் காரில் குழந்தை இருக்கை மாட்டியதும் மகிழ்ந்து பாராட்டினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பாப்பாவுக்கா? போலீஸுக்குய்யா! இது இல்லாம ஃபைன் விழுந்தா, இன்சூரன்ஸ்காரன் கம்ப்யூட்டர்ல ஏறிடுமாம். அடுத்த வருசம் பிரீமியத்த ஏத்திடுவான்.”

“அதெல்லாம் இன்னும் பேச்சாத்தாங்கண்ணா இருக்குது. ஆனா எங்கனா மோதுனா பாப்பா…”

“மோதவே மாட்டேன். மோதுனா போனஸ் போயிடுமில்ல?”

இந்த அப்பழுக்கற்ற தர்க்கத்தை மறுக்க என் பட்டப்படிப்பு போதவில்லை. ஆகவே காவலர் தென்பட்டால் பாப்பா இருக்கைக்கு; அவரைக் கடந்ததும் அண்ணியின் மடிக்கு. இடைப்பட்ட நேரத்தில் மாரண்டஹள்ளித் தக்காளிப் பெட்டி ஒன்று அவ்விருக்கையில் பெல்ட் அணிந்து, சட்டத்தை மதித்துப் பயணம் செய்தது.

ஒருநாள் சேலத்தில் ஒரு திருமணத்துக்குப் புறப்பட்டோம். பின்னால் நானும் தக்காளியும். தொப்பூர் இறக்கத்தில் தொலைவில் ஒரு காக்கிச் சட்டை தெரிந்தது.

“போலீஸ்! பாப்பாவப் பின்னாடி குடு!”

வண்டி ஓரங்கட்டியது. பாப்பா இருக்கைக்கு வந்தாள்; பெட்டி அண்ணியின் மடிக்குப் போயிற்று. நான் பாப்பாவுக்குப் பெல்ட்டை மாட்டினேன். மீண்டும் கிளம்பி நெருங்கியபோது, காக்கிச் சட்டைக்குக் கீழே லுங்கி தெரிந்தது.

“ஏங்க, அது லாரி டிரைவருங்க. கொய்யாப்பழம் தின்னுட்டு நிக்கறாரு. மொதல்ல உங்க கண்ணுக்கு இன்சூரன்ஸ் போடுங்க” என்றார் அண்ணி.

“சரி சரி, கீழ போயி நிறுத்தறேன். பாப்பாவ எடுத்துக்க.”

கீழே போகவில்லை. முன்னால் சென்ற லாரி சட்டென்று நிற்க, அதன் முதுகில் முட்டினோம். அண்ணியை அவரது பெல்ட் பிடித்துக்கொண்டது. மடியிலிருந்த பெட்டியோ பறந்துபோய் முன்கண்ணாடியில் மோதி உடைந்தது. கண்ணாடி முழுக்கச் சிவப்பாக வழிந்தது.

“சட்னி!” என்று கைதட்டினாள் பாப்பா, பின்னிருக்கையிலிருந்து.

அண்ணன் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார். அண்ணியின் வெறும் மடியைப் பார்த்தார். நசுங்கிய காரின் முகப்பை ஏறிட்டும் பாராமல் பின்கதவுக்கு ஓடிவந்தார். பெல்ட்டின் பொத்தான் அவருக்கு அகப்படவில்லை.

“நீ கழட்டுய்யா” என்றார்.

ஏதேனும் பேச வேண்டுமே என்பதற்காக, “க்ளெய்ம் போட்டா போனஸ் போயிடுமேண்ணா” என்றேன்.

“போவட்டும்யா. அந்த எழவு போவட்டும்.” மகளின் உச்சந்தலையை அவர் முகர்ந்துகொண்டே இருந்தார்.

இப்போது அவர் உள்தெருவுக்குள் போவதானாலும் பாப்பாவை இருக்கையில் அமர்த்திய பிறகே வண்டியை எடுக்கிறார். அதனருகே இன்னொரு குழந்தை இருக்கையும் வாங்கி மாட்டியிருக்கிறார். அது என் மகனுக்கு.