துறைமுகத்துக்கு அருகிலுள்ள ரொட்டிக்கடைக்கு

உலகத்து இளைஞர்களை எல்லாம் உட்காரவைத்துப் பேசவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும் என்று நம்பிய ஒரே முட்டாள் மலாயாவின் மூவாரில் சைக்கிளில் ரொட்டி விற்றுக்கொண்டிருந்தான். அவனைக் கப்பல் என்று கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ ஒன்று இருந்தது. அது அவனுக்கே தேவைப்படவில்லை.

அவன் கப்பலேறியதே இல்லை. மூவார் ஆற்றைக் கடக்கிற ஃபெரிப் படகில் ஒரு தடவை ஏறினான். பத்து நிமிஷப் பயணம். நடு ஆறு வருவதற்குள் மூன்று தடவை வாந்தி எடுத்தான். அக்கரையில் இறங்கியவன் இனித் தண்ணீரில் கால் வைக்கமாட்டேன் என்று தென்னை மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பாலம் கிடையாது. நாங்கள் இரண்டு பேர் மூட்டை மாதிரித் தூக்கி, அதே படகில் கொண்டுவந்து இக்கரையில் போட்டோம். அன்றைக்கு வைத்த பெயர்தான் கப்பல்.

இவனுக்குத்தான் நாடுகளைச் சேர்த்துவைக்கும் ஆசை. காலையில் மலாய்க்காரர்களின் கம்பத்துக் கிராமம், பிறகு சீனத் தச்சர்கள் தெரு, கடைசியில் நாங்கள் குடியிருக்கிற ரப்பர்த் தோட்டத்து லய வரிசை வீடுகள் என்று சைக்கிளை மிதிப்பான். மூன்று இடத்திலும் ரொட்டி வாங்குவார்கள். மூன்று இடத்திலும் மற்ற இரண்டு பேரைத் திட்டுவார்கள்.

"காலையில எல்லா வயிறும் ஒரே மாதிரிதானேடா கத்துது? அப்புறம் எதுக்குத் தனித்தனியா உக்காந்து திட்றீங்க? ஒண்ணா உக்காந்து திட்டுங்க!" என்றான்.

அதற்கு ஒரு சங்கம் வைத்தான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், அவன் வேலை செய்த ரொட்டிக்கடையின் பின்புறம், மாவுச் சாக்கு விரித்து உட்காருவோம். உறுப்பினர் நான்கு பேர். கப்பல். தோட்டத்தில் ரப்பர்த் தகடுகளைப் புகையில் உலர்த்துகிற நான். மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் இழைப்புளி தள்ளுகிற ஆ லெக். ஃபெரியில் கயிறு வீசுகிற யூசோப். எல்லாருக்கும் இருபது வயதுக்கு முன்னே பின்னே. நாங்கள் போனது கருகிப்போன ரொட்டி சும்மா கிடைக்கும் என்பதற்காக. உலகத்தைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. சந்தையில் எல்லாரும் பேசுகிற கலப்பு மலாய் மொழியில்தான் பேசுவோம். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

சங்கத்துக்கு ஒரே விதி. முன்னால் பேசியவன் சொன்னதை அப்படியே திரும்பச் சொன்ன பிறகுதான் பதில் சொல்லலாம்.

முதல் கூட்டத்திலேயே ஆ லெக் சொன்னான்: "உங்காளுங்க எவ்வளவு கொடுத்தாலும் தலையாட்டுறாங்க. அதனாலதான் ஊர்ல எல்லாருக்கும் கூலி கொறையுது."

நான் எழுந்துவிட்டேன். கப்பல் என் இடுப்புச் சாரத்தைப் பிடித்து இழுத்தான்.

"மொதல்ல அவன் சொன்னத சொல்லு. அப்புறம் அடி."

"எங்காளுங்க எவ்வளவு கொடுத்தாலும்..." என்று ஆரம்பித்தேன். என் வாயாலேயே அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஓங்கிய கை இறங்கிவிட்டது. கோபம் இறங்கவில்லை. "உன் மொதலாளி உன்ன நாற்காலி செய்ய வச்சுட்டுத் தரையில படுக்க வைக்கிறான். நீ என்னத்த கிழிச்ச?" என்றேன். ஆ லெக் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதாயிற்று. பாதியில் சிரித்துவிட்டான்.

"அலமாக்! ரெண்டு பேரும் ஒரே அழுகைதான் லா," என்றான் யூசோப்.

ஒற்றுமை வந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். அடுத்த வாரம் நிஜமாகவே அடித்துக்கொண்டோம். ஆ லெக்குக்கு ஒரு பல் ஆடியது. உடனே கப்பல் இரண்டாவது விதி போட்டான். அடித்தவன் அடிபட்டவனுக்கு ஒரு வாரம் ரொட்டியைக் காப்பியில் நனைத்து ஊட்டவேண்டும். ஊட்டினேன். அவன் வேண்டுமென்றே மெதுவாகத் தின்றான்.

பிறகு கப்பலுக்கு வெளிநாட்டுப் பைத்தியம் பிடித்தது. மற்ற தேசத்து இளைஞர்களுக்குக் கடிதம் எழுதவேண்டும் என்றான்.

"யாரைடா தெரியும் உனக்கு?"

"தெரியணுமா? துறைமுகம் இருந்தா ரொட்டிக்கடை இருக்கும். கடை இருந்தா அடுப்படியில நம்ம வயசுல ஒருத்தன் வெந்துக்கிட்டு இருப்பான். அவனுக்கு எழுதுவோம்."

ஒரே கேள்விதான் எழுதினோம்: எங்களைப் பற்றி உங்கள் ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? தமிழில் கப்பல், சீனத்தில் ஆ லெக், மலாயை அரபி எழுத்தில் எழுதும் ஜாவியில் யூசோப் என்று ஒவ்வொரு தாளிலும் மூன்று பேரும் எழுதினார்கள். உறைமேல் 'துறைமுகத்துக்கு மிக அருகிலுள்ள ரொட்டிக்கடையில் வேலை செய்யும் இளைஞர்' என்று போட்டு, கீழே ஊர்ப் பெயர். சுராபாயா, அமோய், ரங்கூன், கொழும்பு, நாகப்பட்டினம். ஆங்கிலத்தில் விலாசம் எழுதித் தந்த, தபாலாபீஸில் எழுத்துவேலை பார்க்கிற கிராணி சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி விழுந்தது.

நான்கு கடிதங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கப்பல் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தான். "நான் பாக்காத ஊரையெல்லாம் பாத்துட்டு வந்திருக்குடா!"

நாகப்பட்டினத்துக் கடிதம் மட்டும் திரும்பவில்லை. பதிலும் வரவில்லை. "திரும்பி வரலன்னா சேர்ந்துருச்சுன்னு அர்த்தம்," என்று அடித்துச் சொன்னான். ஒரு வருஷத்துக்குமேல் தினமும் தபால்காரரை மறித்து ஒரு பன்னைக் கையில் திணித்துக் கேட்டான். தபால்காரருக்குத் தொப்பை வைத்ததுதான் மிச்சம்.

"நம்மளப் பத்தி எவனும் பேசலடா. அதான் பதில்," என்றேன் ஒருநாள். அன்றைக்கு அவன் ரொட்டியைத் தொடவில்லை. எனக்கு வாய் சரியில்லை. அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தை மூடினார்கள். எங்களை உழைக்க வைத்துக் கொழுத்த துரை ஒரு பட்டியல் வாசித்தான். வேலையில்லாதவர்களை இந்தியாவில் உள்ள சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்களாம். என் பெயரும் இருந்தது. நான் பிறந்தது மூவார் லயத்தில். பார்க்காத ஊருக்கு ஒருவன் எப்படித் திரும்புவான்? இதைத் துரையிடம் கேட்டேன். அவனுக்குச் சங்கத்து விதி தெரியாது. அடுத்த பெயரை வாசித்தான்.

ஃபெரித் துறையில் லாரி நின்றது. அக்கரை போய், அங்கிருந்து நாகப்பட்டினம் போகிற கப்பலைப் பிடிக்கவேண்டும். நம் கப்பல் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"நாகப்பட்டினத்துலதானே எறங்குற? அந்தக் கடையப் பாரு. பதில் வாங்கி அனுப்பு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சோத்துக்கு எங்க போறதுன்னு தெரியாம நிக்கிறேன். உனக்குக் கடுதாசியாடா கேக்குது?"

அவன் விதியை மீறவில்லை. "நீ சோத்துக்கு எங்க போறதுன்னு தெரியாம நிக்கிற," என்றான். அடுத்த நிமிஷம் என்னோடு ஃபெரியில் ஏறினான். கயிறு வீசிக்கொண்டிருந்த யூசோப் வாயைப் பிளந்தான். கப்பல் முன்புபோலவே நடு ஆற்றில் வாந்தி எடுத்தான். யூசோப் தலையைத் தாங்கிப் பிடித்தான். அக்கரையில் லாரி கிளம்பும்போது அவன் அதே தென்னை மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நாகப்பட்டினத்தில் இறங்கிய மூன்றாம் நாள் துறைமுகத்துக்குப் பக்கத்து ரொட்டிக்கடைக்குப் போனேன். கடிதத்துக்காகப் போகவில்லை. பசி. உள்ளே புகை படிந்த சுவரில், மூன்று மொழி எழுத்தோடு எங்கள் கடிதத் தாள் ஒட்டியிருந்தது.

அடுப்படியில் ஒருவன் மாவு பிசைந்துகொண்டிருந்தான். எங்கள் வயதுதான்.

"அது என்னன்னு தெரியலைங்க. நான் படிக்கல. மொதலாளியும் படிக்கல. மூணு தினுசா எழுதியிருக்கே, மந்திரமா இருக்கும்னு ஒட்டிட்டாரு. அதுக்கப்புறம் யாவாரமும் நல்லாத்தான் போவுது."

வாசித்துக் காட்டினேன். அவன் கையை நிறுத்தாமல் பதில் சொன்னான்: "உள்ளதச் சொல்லவா? அக்கரையிலேருந்து வர்றவங்க எல்லாம் எலும்பா எறங்குறாங்க. வெறகு பொளக்கக்கூட ஆவ மாட்டாங்கன்னு பேசிக்கிறாங்க."

கை ஓங்கிவிட்டது. ஆனால் பழக்கம் விடவில்லை. "எலும்பா எறங்குறாங்க. வெறகு பொளக்கக்கூட ஆவ மாட்டாங்க," என்றேன். கை இறங்கிவிட்டது.

"ஏங்க, நான் சொன்னதையே சொல்றீங்க?"

"எங்க ஊரு வழக்கம்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அடுப்பிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து என் பக்கம் தள்ளினான். "எழுதுங்க. கூடவே, உங்க ஊரு ரொட்டிக்கு உப்பு எவ்வளவு போடுவாங்கன்னும் கேளுங்க."

அவன் சொன்னதை மாற்றாமல் எழுதினேன். சங்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த முதல் பதில் என் கையெழுத்தில்தான் போயிற்று. அடியில் ஒரு வரி நானாகச் சேர்த்தேன்: 'கப்பலில் எல்லா நாளும் வாந்தி எடுத்தேன். உன்னைக் கேலி செய்தது தப்பு.'

ஆண்டுகள் ஆகிவிட்டன. பதில் இல்லை. அந்தச் சங்கம் இருக்கிறதா, ஆ லெக்கையும் எங்காவது அனுப்பிவிட்டார்களா, தெரியாது. ஆனால் என் கடிதம் திரும்பி வரவில்லை. திரும்பி வராத கடிதம் சேர்ந்துவிட்ட கடிதம். இதை முட்டாள்தனம் என்று எவனாவது சொல்வதானால், முதலில் நான் சொன்னதை அப்படியே ஒருமுறை திரும்பச் சொல்லட்டும்.