ரிவர்ஸ் எடுத்த டிரைவர்

மருத்துவ முகாமின் ஊசி வரிசையில் டிரைவருக்கு முன்னால் இன்னும் ஒரே ஒருத்தர்தான். முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டி, எந்த மலைப்பாதைக்கும் அசராத மனுஷர், ஒரு விரல் நீள ஊசிக்கு வெலவெலத்துப்போய் நின்றார்.

ஓடிவிடவும் முடியாது. இன்னும் இருபது நாளில் மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். சளிக்காய்ச்சல் ஊசி போட்ட அட்டையைக் காட்டாவிட்டால் பேத்தியைத் தொடவே விடமாட்டேன் என்று ஃபோனிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். மனைவி வேறு, தன் ஊசியை இரண்டே நிமிஷத்தில் முடித்துக்கொண்டு, வெளிவாசலை அடைத்தாற்போல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்தவங்க வாங்க" என்றாள் நர்ஸ்.

டிரைவர் சட்டென்று பின்னால் திரும்பினார். "நீங்க போங்கக்கா. பாவம், எவ்வளவு நேரம் நிப்பீங்க."

அந்த அம்மா வாயார வாழ்த்திவிட்டுப் போனாள். அட, நல்ல வழியாக இருக்கிறதே. அடுத்தவருக்கும் வழிவிட்டார். அதற்கடுத்தவருக்கும்.

ஆனால் பின்னால் ஆள் தீர்ந்துகொண்டே வந்தது. தீர்ந்தால் மாட்டிக்கொள்வார். பக்கத்து அறைக்கு ஓடினார். கண் பரிசோதனைக்குக் காத்திருந்த பெரியவர்களிடம், இந்த வயசில் நெஞ்சில் சளி கட்டினால் கட்டிலில் தள்ளாமல் விடாது, ஊசியோ வெறும் எறும்புக்கடி என்று மூச்சுவிடாமல் பேசினார். ஏழு பேர் எழுந்து வந்தார்கள். ஏழு பேருக்கும் வழிவிட்டார். மருந்து வாங்க நின்றவர்களில் ஒன்பது பேரை இழுத்து வந்தார். பெயர் எழுதும் பெண் பூரித்துப்போய் அவர் சட்டையில் 'தொண்டர்' பட்டையைக் குத்திவிட்டாள்.

அதுதான் வினையானது. மனைவியோடு வந்த ஒரு கிழவர் கேட்டார்: "நீங்க போட்டாச்சா?"

"ஓ, ஆச்சே."

"எந்தக் கையில?"

இடதா வலதா என்று தெரியாமல் டிரைவர் உளறினார். "ரெண்டுலயும்."

"ரெண்டு கையிலயுமா? அப்ப எங்களுக்கு வேணாம்பா" என்று அவர்கள் கழன்றுகொள்ள, அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களும் கலைந்தார்கள். மிஞ்சியவர் ஒரே ஒரு ஒல்லியான கண்ணாடிக்காரர்.

"நீங்க முன்னாடி போங்க" என்றார் டிரைவர்.

"ஐயோ, பெரியவர் நீங்க போங்க."

"எனக்கு அவசரமில்ல."

"எனக்கு பயமா இருக்குங்க. கை எப்படி நடுங்குது பாருங்க."

டிரைவர் பார்த்தார். தன்னைவிடக் கோழை ஒருவனை வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்த சந்தோஷத்தில் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "என்னைப் பார்த்துக் கத்துக்கோங்க தம்பி" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடி, ஒன்று என்று எண்ணுவதற்குள் அட்டை கைக்கு வந்துவிட்டது. இவ்வளவுதானா?

அறை வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கிழத் தம்பதிகூடத் திரும்ப வந்து நின்றார்கள். டிரைவருக்குத் தலைகால் புரியவில்லை. பேத்தியை இப்போதே தூக்கி வைத்திருப்பவர்போல இரண்டு கையையும் நீட்டி, கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டார்.

"ஒண்ணுமே இல்ல, வாங்க. நான் கையைப் பிடிச்சுக்கறேன்."

நர்ஸ் பஞ்சைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"அவர் எங்க டாக்டருங்க. பின்னால நழுவறவங்களுக்குப் பின்னாலயே போய் நின்னு நடுங்கறதுதான் காலையிலேருந்து அவருக்கு வேலை. இன்னிக்கு நீங்க பதினோராவது ஆள்."