மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் கதவு

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், என்னில் ஒரு சிறு பகுதியைத் தவிர. அந்தப் பகுதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சரியாகக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரைப் போடுவீர்கள், மாமா பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஆகவே தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

நான் இந்த வேலையை விடப்போகிறேன். நம் குடும்பத்தில் முதன்முதலாக ஒருத்தி உட்கார்ந்து பார்க்கும் வேலை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் "எம்பொண்ணு ஆபீஸ்ல இருக்கா" என்று சொன்ன பிறகுதான் அப்பா டிக்கெட்டே எடுக்கிறார். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். காரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். உண்மையான காரணம் ஒரு கதவு.

எங்கள் அலுவலகத்துக்குக் கழிவறை ஒன்றுதான். அதன் கதவு மேலாளரின் நாற்காலிக்கு நேர் பின்னால் இருக்கிறது. நாற்காலி நகர்ந்தால்தான் கதவு திறக்கும், அவர் எழுந்தால்தான் நாற்காலி நகரும். "சார், கொஞ்சம் எந்திரிங்க" என்று சொல்லிவிட்டு, அவர் பேனாவை மூடி வழிவிடும்வரை நான் எந்த முகத்தோடு நிற்பது? கல்லூரியில் பெயர் கூப்பிட்டால்கூட நான் கையை மட்டும்தான் தூக்குவேன். நீங்கள் வேறு, நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, "வெளிய போற பொண்ணு தண்ணிய அளவா குடிக்கணும்டி" என்றீர்கள். நான் அளவோடு நிற்காமல் தண்ணீரையே விட்டுவிட்டேன். கணக்குப் பார்க்கும் அக்காவும் அப்படித்தான். அவருக்கு இங்கே ஒட்டகம் என்றே பெயர்.

ஒருநாள் ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல் ஆரம்பித்தது. அம்மா சூடு என்றாள். அடங்காமல் போகவே பக்கத்துத் தெரு கிளினிக்கில் மாத்திரை கொடுத்து முழுக்கச் சாப்பிடச் சொன்னார்கள். இரண்டு நாளில் எரிச்சல் போய்விட்டது. அம்மா மீதியை "அடுத்த தடவைக்கு ஆகும்" என்று டப்பாவில் எடுத்து வைத்தாள். இப்படி இடம் போட்டு வைத்தால் யார்தான் வரமாட்டார்கள்? அடுத்த தடவை வந்தது. நான் பாதியைப் போட்டேன், மிச்சத்தை அப்பா முழங்கால் வலிக்குப் போட்டுக்கொண்டு, நன்றாகக் கேட்கிறது என்றார். மூன்றாம் தடவை குளிரும் காய்ச்சலும் முதுகு வலியுமாக வந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போனேன்.

"தண்ணி எவ்வளவு குடிப்ப?"

"தாகம் எடுத்தா குடிப்பேன் டாக்டர்."

"எப்ப எடுக்கும்?"

"எடுக்காம பாத்துக்குவேன்."

அவர் சிரிக்கவில்லை அத்தை. "சூடும் இல்ல, குளிரும் இல்ல. கிருமி" என்று ஒரு தாளில் படம் போட்டார். அந்த இடத்துப் பெயர்களையெல்லாம் அவர் காய்கறி பேர் சொல்வது போலச் சொன்னார், எனக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. குடலில் சாதுவாக இருக்கிற கிருமிதானாம், இடம் மாறினால் வம்பு. பெண்களுக்குச் சிறுநீர் வரும் வழி குட்டையானது என்பதால் சீக்கிரம் ஏறிவிடுமாம். ரோமம் போன்ற கொக்கிகளால் சுவரைப் பிடித்துக்கொண்டு, வெள்ளத்துக்கு எதிராக மேலே ஏறுமாம். நம் வம்சத்தில் முதலில் மேலே ஏறியது நான் என்று நினைத்திருந்தேன். நாம் தண்ணீர் குடித்து அடிக்கடி போனால் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும், அடக்கினால் உள்ளேயே குடும்பம் நடத்தும். மாத்திரையைப் பாதியில் விட்டால் சில பிழைத்துக்கொண்டு மறுபடி தலையெடுக்கும். என் சிறுநீரில் இருந்த கிருமியைப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு தட்டில் வளர்த்து எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்த்தார்கள். என்னுடையது அமோகமாக வளர்ந்ததாம். அந்தச் சிறுநீர்ப்பையை நினைத்தால்தான் மலைப்பாக இருக்கிறது அத்தை. பிறந்ததிலிருந்து நிறைவதும் வற்றுவதுமாக, ஒரு வார்த்தை பேசாமல் உழைத்திருக்கிறது. பட்டம் வாங்கிய நான் அது எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் அதைப் பட்டினி போட்டிருக்கிறேன்.

அடக்காதே, முன்னாலிருந்து பின்னாலாகத் துடை, வாசனை சோப்பை அங்கே கொண்டுபோகாதே, மாத்திரையை முழுக்க முடி என்று அனுப்பினார். மறுபடி முதுகுவலியோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஓடிவரச் சொன்னார், சிறுநீரகம்வரை போகுமாம். மற்றதெல்லாம் முடியும். அடக்காமல் இருக்க அந்தக் கதவு வேண்டுமே. அதனால்தான் ராஜினாமா.

மாமாவுக்கு என் வணக்கம். அப்பாவிடம் சொல்லும்போது அவர் உட்கார்ந்திருக்கட்டும். உங்கள் வாழ்த்து என்றும் என் தலைமேல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாயில்லாப்பூச்சி

பின்குறிப்பு: அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தை மதிய இடைவேளையில் என் மேஜையில்தான் எழுதினேன். பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு, வெட்கம் வந்த இடத்திலெல்லாம் ஒரு வாய் குடித்தேன். இந்தக் கடிதத்தில் வெட்கம் வராத இடம் ஏது? கையெழுத்துப் போட்டதும் எழுந்தே ஆக வேண்டியிருந்தது. போய் நின்று "சார்" என்றேன், மீதி வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், முள் குத்தியது போல எழுந்தார். நான் வெளியே வந்தால் ஒட்டகம் அக்கா வாசலில். "தள்ளுடி, பேச நேரமில்ல" என்று உள்ளே போனார். மேலாளர் நாற்காலியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"யாருமே கேக்கலியேம்மா. உங்களுக்குத் தேவைப்படலன்னு நெனச்சேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானே எதிர் டீக்கடைப் பக்கந்தான் போறேன். நீங்கல்லாம் வெளிய இருக்கீங்க, சத்தம் கேக்கும். சும்மா போக முடியுமா, ஒரு டீ குடிப்பேன். அதனால திரும்பவும் போகவேண்டியிருக்கு."

அவர் மேஜை இப்போது ஜன்னல் பக்கம் நகர்கிறது. ஒரு முனையை அக்கா தூக்குகிறார். இன்னொரு முனைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அத்தை, நீங்களும் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறீர்கள். "எனக்கும் அந்தச் சூடு வரும், போகும்" என்று சொன்னீர்களே, அது சூடு இல்லை. உங்கள் அறிவுரையைத் திருப்பி அனுப்புகிறேன், தண்ணீர் குடியுங்கள். ஞாயிறு கழித்து என்னோடு டாக்டரம்மாவிடம் வாருங்கள். நீங்கள் பேச வேண்டாம், நான் சொல்கிறேன்.