கெப் விற்பனைக்கு உண்டு

இலங்கையில் பழைய வாகனம் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவர் கந்தப்பளை றோலண்ட் மாஸ்டர். இந்தத் தகவலை வெளியிட்டவரும் அவர்தான்.

வியாழக்கிழமை காலை, மனைவி பவுலினிடமும் அவளுடைய தம்பி சுஜீவனிடமும் அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட விடுமுறை. விஞ்ஞான வாத்தியாருக்குப் பாடம் கேட்க வேறு ஆட்கள் இல்லை.

பவுலின் பயிரிடும் கரட்டையும் லீக்ஸையும் நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் தினமும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை ஆரம்பம். காலை ஆறரைக்கு மரக்கறி வாசலில் நிற்க வேண்டும். முதல் நாளே பிந்தினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். பவுலினுக்கு இது மூன்று வருடக் காத்திருப்பு. மாஸ்டருக்கு இது நான்கு நாள் வேலை.

"திங்கக்கெழமைக்குள்ள வண்டி வந்துருமாங்க?"

"வண்டி வர்றது பெரிய விஷயமா? சரியான வண்டி வரணும்."

"ராகலைல செல்லசாமின்னு ஒருத்தர் கெப் ஒன்னு விக்கிறாராம் மச்சான்," என்றான் சுஜீவன். "முன்னுக்கு ரெண்டு பேர் குந்தலாம். பின்னுக்கு மூட்டை ஏத்த நல்ல எடம். நானும் கூட வரவா?"

சுஜீவனிடம் ஓர் ஓட்டோ இருந்தது. யார் கை காட்டினாலும் அது நிற்கும். கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, ஆட்டுக்குட்டி எல்லாம் ஏறும். காசு கேட்க மட்டும் அவனுக்கு வெட்கம்.

"உன் ஓட்டோ ஊருக்குச் சொந்தம் மாப்ள. பெட்ரோல் மட்டுந்தான் ஒனக்குச் சொந்தம். ஊரான் மூட்டைய ஓசியில சொமக்கிறவன வண்டி பாக்கக் கூட்டிட்டுப் போனா அந்த வண்டியே சிரிக்கும்."

சுஜீவன் சிரித்தான். வண்டி அங்கே இல்லாததால் அவனே சிரிக்க வேண்டியிருந்தது.

ராகலையில் செல்லசாமியின் தோட்டத்துக்கு முன்னால் கெப் நின்றது. கண்ணாடியில் 'விற்பனைக்கு உண்டு' என்ற அட்டை மழையில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து வெளுத்துப்போயிருந்தது. மாஸ்டர் வண்டிக்கு அடியில் படுத்தார். பூசி மறைத்த ஓட்டை உண்டா என்று காந்தத்தை ஒட்டிப் பார்த்தார். எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார். செல்லசாமி அவருக்குக் குடை பிடித்தபடி கூடவே நகர்ந்தார்.

"நமக்கு வண்டியப் பத்தி ஒன்னும் தெரியாதுங்க மாஸ்டர். ஓட்டவும் வராது. மகன் வாங்கிப் போட்டுட்டுக் கட்டாருக்குப் போயிட்டான்."

"வெறும் வண்டிய ஓட்டிப் பாத்து வாங்குறவன் முட்டாள் அண்ணே. மலையில சொமையோட ஏறணும். அப்பத்தான் இன்ஜின் உண்மையப் பேசும்."

செல்லசாமி வானத்தைப் பார்த்து யோசித்தார். "சொமைக்கு எங்கங்க போறது... தோட்டத்துல முட்டைக்கோவா ஒரு இருவது மூட்டை கெடக்கு. காணுமா?"

"இருவத்தஞ்சு இருந்தா நல்லது."

"பாக்குறேங்க," என்றார் செல்லசாமி. எண்ணிப் பார்த்தபோது சரியாக இருபத்தைந்து இருந்தது.

"எதுவரைக்கும் ஏத்திப் பாக்கப்போறீங்க?"

"நுவரெலியா வரைக்கும். பாதித் தூரப் பரிசோதனை பரிசோதனையே இல்ல."

"அப்ப சந்தையில தராசுகிட்ட அழகுமுத்துன்னு ஒரு தம்பி நிப்பான். அவன்கிட்ட எறக்கிருங்க. திருப்பிச் சொமந்துட்டு வந்தா வண்டி பாவம்."

வாயில்லா ஜீவனுக்கு இரங்கும் அந்த மனசு மாஸ்டருக்குப் பிடித்திருந்தது. டீசல் முள் அடியில் கிடந்ததால் அவரே நிரப்பிக்கொண்டார். அடுத்தவர் டீசலில் செய்யும் பரிசோதனை நடுநிலையாக இருக்காது என்பது அவர் கொள்கை.

கந்தப்பளை ஏற்றத்தில் மூன்றாவது வளைவு திரும்பும்போது பொனட்டிலிருந்து ஆவி வந்தது. மாஸ்டர் இறங்கி, இடுப்பில் கை வைத்து, மகிழ்ச்சியோடு அதைப் பார்த்தார். "நான் சொல்லல?" என்று கோவா மூட்டைகளிடம் கேட்டார். பிறகு ஓடையிலிருந்து பதினொரு தடவை தண்ணீர் சுமந்து ஊற்றினார்.

மாலையில் செய்தி கேட்ட செல்லசாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "மாஸ்டர் கண்ணுக்கு ஒன்னும் தப்பாது போல. அப்ப வேணாங்களா?"

"அவசரப்படாதீங்க. காய்ச்சல்காரன ஓட விட்டுப் பாத்து ஒரு முடிவுக்கு வர முடியாது. மொதல்ல காய்ச்சல் எறங்கணும்."

கராஜ் பாஸிடம் காட்டி, தன் காசில் ரேடியேட்டரை மாற்றினார் மாஸ்டர். விலை பேசும்போது கழித்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை முப்பத்திரண்டு மூட்டை. சூடு ஏறாத வண்டிக்கு இருபத்தைந்து போதாது என்பதை மாஸ்டரே கணக்கிட்டுச் சொன்னார். கெப் நுவரெலியாவரை முணுமுணுக்காமல் ஏறியது. சந்தையில் நின்றபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. செல்லசாமிக்குப் போன் எடுத்தார்.

"அண்ணே, ஏறுறது சரி. சொமையோட எறங்குமா?"

"அதை எப்பிடிங்க நான் சொல்றது? அழகுமுத்துகிட்ட நம்ம கோழி எரு பதினஞ்சு மூட்டை கெடக்கு. வேணும்னா அதை ஏத்தி..."

இறக்கத்தில் பிரேக்கை மிதித்தார். பெடல் தரைவரை போனது. வண்டி நிற்கவில்லை. தேயிலை மேட்டில் ஒரு பக்கத்தை உரசி, இரண்டு வரிச் செடிகளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது. கொஞ்ச நேரத்தில் எரு மூட்டைகளில் இரண்டு கெப்பின் கூரையைத் தாண்டிச் சரிந்து, முன்னால் இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டரின் தலையில் அவிழ்ந்தன.

"குளிச்சிட்டு உள்ளுக்கு வாங்க," என்றாள் பவுலின், கதவைப் பாதி சாத்திக்கொண்டு. "வாங்கியாச்சா?"

"பிரேக் கொஞ்சம் பிழை. கண்டுபிடிச்சிட்டேன்."

"கண்டுபிடிக்கவா போனீங்க? வாங்கப் போனீங்களா?"

"கண்டுபிடிக்காம வாங்குனா அதுக்குப் பேரு வாங்குறதில்ல பவுலின். மாட்டிக்கிறது."

சனிக்கிழமை பிரேக் புதிதாகியது. மூட்டையும் முப்பத்தெட்டாகியது. நல்ல பிரேக்கை நம்பி ஏற்றிய அந்த ஆறு மூட்டையில் பின்தட்டுப் பலகை முறிந்து, ஒரு கோவா தனியாக உருண்டு ராகலை கடைவீதிவரை போனது. தச்சனைக் கூப்பிட்டுப் புதுப் பலகை அடித்தார் மாஸ்டர். வண்டியின் உடம்பு தேறத் தேற அதன் சாப்பாடும் கூடுவது இயற்கைதானே என்றார் செல்லசாமி. அது விஞ்ஞானப்படியும் சரி என்று மாஸ்டர் ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு பூசையில் ஆறு பேர் உட்காரும் மர வாங்கில் மாஸ்டர் மட்டும் இருந்தார். கோழி எரு இன்னும் அவரை விட்டுப் போகவில்லை.

"நாளைக்கு ஹோட்டல்," என்றாள் பவுலின், இரண்டு வாங்கு தள்ளி இருந்து.

"நாளைக்கு விடியக்காலையில கடைசிப் பரிசோதனை. அதே வண்டியில வர்ற வழியில உன் கரட்டையும் ஏத்திக்கிறேன். போதுமா?"

திங்கட்கிழமை ஐந்தேகால். பவுலின் எட்டுக் கூடைகளோடு பனியில் நின்றாள். கெப் வந்தது. அதன்மேல் நாற்பது மூட்டை இருந்தது. அதற்கு மேல் ஆகாயம்தான் இருந்தது.

"இதை எங்கங்க ஏத்துறது?"

மாஸ்டர் வண்டியைச் சுற்றி வந்தார். "நாப்பதுக்கு மேல ஒன்னு ஏத்துனாலும் பரிசோதனை பிழையாயிரும்."

"அப்ப அதுல ஒரு அஞ்சாறு மூட்டைய எறக்குங்க."

"அது செல்லசாமி அண்ணனோட மூட்டை. ஊரான் சாமான ரோட்டுல எறக்கிட்டு நம்மளோடத ஏத்துறது மரியாதையா?"

பவுலின் தம்பிக்குப் போன் எடுத்தாள். பத்து நிமிடத்தில் சுஜீவன் வந்தான். ஓட்டோவுக்குள் யாருடையதோ கோழிக்கூடு ஒன்று ஏற்கெனவே இருந்தது. அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எட்டுக் கூடையையும் அக்காவையும் கோழிகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

ஏழு மணிக்கு மாஸ்டர் சந்தையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது பவுலின் போனில் பேசினாள்.

"ஆறு இருவதுக்கே குடுத்தாச்சு. மெனேஜருக்கு நல்ல சந்தோசம். தினமும் சுஜீவனையே கொண்டு வரச் சொல்லிட்டாரு. அவனுக்கும் மாசக் கூலி."

"அப்ப கெப்?"

"அது உங்க இஷ்டம்," என்றாள் பவுலின். கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

மாஸ்டருக்கு உறைத்தது. இனி தாமதிக்க முடியாது. இன்றே வண்டியை வாங்கி, வீட்டு வாசலில் நிறுத்தி, மச்சினன் முகத்தைப் பார்க்க வேண்டும். செல்லசாமிக்குப் போன் எடுத்தார்.

"அண்ணே, முடிவு பண்ணிட்டேன். எடுத்துக்கிறேன். வண்டிப் பொத்தகத்த எடுத்து வைங்க."

"எடுத்துக்கிறீங்களா?" என்றார் செல்லசாமி. "அவசரப்படாதீங்க மாஸ்டர். அடை மழையில சொமையோட ஏத்திப் பாக்கலியே. உங்கள மாதிரி ஆளு அதைப் பாக்காம வாங்குனா நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

விற்கிறவனே தன் பொருளைச் சோதிக்கச் சொல்லும் நேர்மையை மாஸ்டர் எங்கும் கண்டதில்லை. தனக்கு எப்படி இது தோன்றாமல் போனது என்பதுதான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"சரிதான் அண்ணே. மழை எப்ப வரும்?"

"கெழமைக்கு ரெண்டு நாளாவது வரும்ங்க. நீங்க தினமும் வாங்க."

கோழி எரு மூட்டைகளை ஏற்றத் தொடங்கினார். கந்தப்பளைவரை என்று சொல்லி ஓர் அம்மா இரண்டு அரிசி மூட்டையோடு வந்தார். மாஸ்டர் வாங்கி ஏற்றினார். இன்னொருவர் கேஸ் சிலிண்டரை நீட்டினார். அதையும் ஏற்றி, உருளாமல் இருக்க ஓரத்தில் கல் வைத்தார். யாரிடமும் காசு கேட்கவில்லை. கேட்க ஏனோ வெட்கமாக இருந்தது.

தராசைத் துடைத்துக்கொண்டிருந்த அழகுமுத்து பக்கத்தில் வந்து, புதுப் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அடுத்த மாசமும் நீங்கதானா மாஸ்டர், இல்ல வண்டி பாக்க வேற ஆள் வர்றாங்களா? போன மாசம் வந்தவரு டயர் நாலையும் மாத்திக் குடுத்தாரு, அதுக்கு முந்துனவரு கிளட்ச்சு; இனி பெட்டரி ஒன்னுதான் பாக்கின்னு செல்லசாமி அண்ணன் சொல்லிக்கிட்டிருந்தாரு."