வண்டிக்கும் வாய் பார்த்த பல் டாக்டர்

உலகத்தில் எல்லாப் பொருளுக்கும் வாய் உண்டு, அதற்குள் எட்டிப் பார்த்தால் வியாதி தெரிந்துவிடும் என்று நம்பிய ஒரே மருத்துவர் எங்கள் மயிலாப்பூர் பல் டாக்டர்தான். நம்பியதோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத வேண்டியதே இல்லை. பெரும்பாலும் அவர் சொன்னது சரியாக இருந்தது. அதுதான் எங்களை மிரள வைத்தது.

அவருக்குப் பெயர் இருந்தது. வாசல் பலகையில் எழுதியும் இருந்தது. கச்சேரி ரோட்டில் யாரும் அதைப் படித்ததில்லை. ஒடிசலான தேகம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில், வாய்க்குள் விட்டுப் பார்க்கும் காம்பு வைத்த குட்டிக் கண்ணாடி. அந்தக் கண்ணாடி நுழையாத பொந்து மயிலாப்பூரில் கிடையாது.

வீணை மாமி ஒருவர் தாடை வலி என்று வந்தார். டாக்டர் பல்லைப் பார்க்காமல், "வீணையை எடுத்துண்டு வாங்கோ" என்றார். மாமி பயந்துபோய் ரிக்‌ஷாவில் வைத்துக் கொண்டுவந்தார். தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகச் சொல்லி, எதிரே உட்கார்ந்து மாமியின் முகத்தையே பார்த்தார். "பிருடை இறுகிக் கிடக்கு. நீங்க அதைத் திருகறப்பெல்லாம் பல்லைக் கடிக்கறேள்." பிருடையில் சாக்பீஸ் தேய்த்து அனுப்பினார். தாடை வலி போய்விட்டது. மாமி ஊரெல்லாம் சொன்னதில், அடுத்த வாரம் ஒருவர் மிருதங்கத்தோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தெருமுனை அடிபம்பிடம் மட்டும் அவர் தோற்றார். அதன் வாயில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த வருஷம் தண்ணீர்தான் இல்லை.

ஆனால் அவருடைய முழு விஸ்வரூபத்தை நான் பார்த்தது ஒரு பிக்கப் வண்டியின் அடியில்தான்.

சாந்தோமில் ஸ்டீபன் என்று எனக்கு ஒரு நண்பன். பழைய பிக்கப் ஒன்று வைத்துச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். முதல் பிரசவத்தில் அவன் மனைவி பிழைப்பதே கஷ்டம் என்றாகிவிட, "ரெண்டு பேரும் நல்லபடியா வூடு வந்தா, திருவிழாவுக்கு மாதா என் வண்டியிலதான் வரும்" என்று வேண்டிக்கொண்டான். இருவரும் நல்லபடியாக வந்தார்கள். சிக்கல் வேறு இடத்தில். கேபிள் டிவி புதிதாக வந்த சமயம் அது. தெருவுக்குக் குறுக்கே துணி உலர்த்தும் கொடி மாதிரி வயர்கள் தொங்கின. மாதாவின் சொரூபமோ உயரம். அதனால் மெக்கானிக் கண்ணனைப் பிடித்து, நாலு சக்கரத்துக்கும் மேலே இருக்கும் வில்லுப் பட்டைகளில் சிலதைக் கழற்றி, வண்டியையே தாழ்த்திவிட்டான். தாழ்ந்தது. கூடவே வலது பின்பக்கம் சாய்ந்தும் போனது.

திருவிழா அன்று மத்தியானம் நான் டாக்டரின் நாற்காலியில் இருந்தேன். பாதித் தாடை மரத்து, வாய் நிறையப் பஞ்சு. ஸ்டீபன் உள்ளே ஓடிவந்தான்.

"மச்சி, எல்லாம் போச்சுடா! டயர மாத்தியாச்சு, பட்டைய மாத்தியாச்சு, இன்னும் சாஞ்சிக்கினே கீது. வேற லாரி சொல்லட்டான்னு பங்குக் கோயில்ல கேக்குறாங்க."

நான் "ஆ" என்றேன். அதற்குமேல் முடியவில்லை. டாக்டர் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்தார். கண் பளபளத்தது.

"சாயறதா? எந்தப் பக்கம்?"

அடுத்த நிமிஷம் அவர் ஸ்டீபனின் ஸ்கூட்டரில் பின்னால் இருந்தார். கழுத்தில் கட்டிய துணியோடு நான் ஆட்டோ பிடித்துப் பின்னால் போனேன். வேறு வழி? என் பல் பாதியில் நின்றிருந்தது.

கண்ணனின் கேரேஜுக்கு எதிரே, தெருவில், வண்டி நீலமும் வெள்ளையுமாக ஜோடித்து, ஒரு பக்கம் தலைசாய்த்து நின்றது. ஸ்டீபனின் மனைவி குழந்தையோடு பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் முதலில் பெட்ரோல் டாங்க்கின் கனம் என்றார். "டாங்கி அந்தாண்ட கீது சார்" என்றான் கண்ணன். டாக்டர் அசரவில்லை. என்னை மேலே ஏற்றி மூலைக்கு மூலை குதிக்கச் சொன்னார். குதித்தேன். வலது பின்பக்கம் அமுங்கி எழுந்தது. இடது பின்பக்கமும் அப்படியே. பிறகு முன்பக்கம், பானெட்டின் இரண்டு ஓரங்களையும் தானே கையூன்றி அழுத்தினார். வலது ஓரம் அசைந்தது. இடது ஓரம் கல்.

"இங்கதான்!"

"சார், சாயறது பின்னால, அந்தப் பக்கம் சார்!" என்றான் ஸ்டீபன், அழாக்குறையாக.

"அதனால என்ன? கீழ்ப் பல்லு கெட்டா மேல வலிக்கறதுன்னு சொல்றவா எத்தனை பேர்! இந்த மூலை இறங்க மாட்டேங்கறது. நாலு கால் மேஜையில ஒரு கால் தூக்கிண்டு நின்னா, எதிர்மூலைதானே தாழும்?"

கண்ணன் சந்தேகத்தோடு ஜாக்கியை முன்பக்கச் சட்டத்தின் நட்டநடுவில் வைத்துத் தூக்கினான். முன் பட்டைகள் இரண்டிலிருந்தும் பாரம் விலகியதும், பின்பக்கம் மெல்ல நிமிர்ந்து நேராக நின்றது. ஸ்டீபன் சிலுவை போட்டுக்கொண்டான்.

வண்டியை இறக்கினார்கள். தாழ்த்திய வண்டி, அடியில் ஒரு தலை நுழைய இடமில்லை. டாக்டர் தெருவில் மல்லாந்து படுத்து, குட்டிக் கண்ணாடியை உள்ளே நீட்டி, டார்ச் அடித்தார். "ஆ... நன்னா காட்டு..." என்று வண்டியைக் கொஞ்சினார்.

"கண்ணா, இங்க பட்டையோட நுனியில ஊஞ்சல் மாதிரி ஒண்ணு தொங்கறதே, அது ஏன் ஆடலை?"

"புது ரப்பர் புஷ்ஷு சார். நான்தான் போட்டு டைட் வெச்சேன்."

"எப்போ? சக்கரம் தரையில இருக்கறச்சேயா, தொங்கறச்சேயா?"

கண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "தொங்கச் சொல்லோதான் சார்."

"பல் செட்டு கட்டினா, கடிக்கச் சொல்லிப் பார்த்துட்டுன்னா முடிக்கணும்! வாயைப் பொளந்தபடியே முடிச்சா, அப்புறம் எப்படி மூடும்?"

கண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே, கை மட்டும் நுழையும் இடுக்கில் நீளச் சாவியை விட்டு நட்டைத் தளர்த்தினான். அடியிலிருந்து 'க்ரீச்' என்று நீளமான ஒரு முனகல். இடது முன்மூலை இறங்கியது. வலது பின்மூலை எழுந்தது. நாலு சக்கரமும் தரையில் இருக்க, கண்ணன் மறுபடி இறுக்கினான். வண்டி நேராக நின்றது. கேரேஜ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள்.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மாதா புறப்பட்டாள். வயருக்கும் கிரீடத்துக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. துளி ஆட்டமில்லை. ஸ்டீபன் ஓட்டிய வேகத்துக்கு நத்தை முந்தியிருக்கும்.

டாக்டர், முதுகெல்லாம் கிரீஸோடு, ஓரமாக நின்றிருந்தார். ஸ்டீபனின் மனைவி குழந்தையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். பழக்கதோஷத்தில், "ஆ காட்டு" என்றார். குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. உள்ளே ஒரு பல்கூட இல்லை. தான் செய்வதற்கு ஒன்றுமே இல்லாத அந்த வாயை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்தது.

மாதாவைப் பார்க்கத்தான் அன்று கூட்டம் கூடியிருந்தது. நான் என்னவோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.